பூட்டு விட்டுச் சென்ற துளை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் பழைய செய்தித்தாள்களை விரித்து, என் கணினியின் கேபினெட்டைப் படுக்கவைத்துத் திறந்தேன். 2002ஆம் ஆண்டு, அப்பா பணி ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை எடுத்து, சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினி அது. அப்பா இன்று இல்லை. கணினியின் உள்ளுறுப்புகளும் ஒவ்வொன்றாக மாறிவிட்டன. எஞ்சியிருப்பது தகரமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த, வெள்ளை பழுத்து மஞ்சளாகிப்போன அந்தப் பெட்டி மட்டுமே. இரண்டு மதர்போர்டுகள் அதற்குள் வாழ்ந்து முடித்திருந்தன. மூன்றாவதைப் பொருத்த உட்கார்ந்திருந்தேன். (மதர்போர்டைத் தாய்ப்பலகை என்று எழுதுகிற நண்பர்கள் உண்டு. அழகான சொல்தான், ஆனால் கடைத்தெருவில் செல்லாத நாணயம்.)

பெரிய விஷயங்கள் எல்லாம் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தின. இருபது ஆண்டுகளுக்கு மேல் வயதான பெட்டியின் திருகுத் துளைகளும் புதிய பலகையின் துளைகளும் நேருக்கு நேர் வந்து நின்றன. பின்புறச் சதுரத்தில் அதன் தகடு சொல்லிவைத்தாற்போல் அமர்ந்தது. புதிதாக வாங்கிய எஸ்.எம்.பி.எஸ். பழைய இடத்தில் முறைப்பில்லாமல் உட்கார்ந்தது. சிக்கல், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது வந்தது. கேபினெட்டின் முகப்பிலிருந்து இரட்டை இரட்டையாக முறுக்கிய மெல்லிய வயர்கள் நான்கைந்து கீழே வரும். ஒன்று பவர் பொத்தானுக்கு, ஒன்று ரீசெட் பொத்தானுக்கு, ஒன்று ஹார்ட் டிஸ்க் விளக்குக்கு, ஒன்று கணினி இயங்குகிறது என்று காட்டும் பச்சை விளக்குக்கு. முதல் மூன்றும் பொருந்தின. பச்சை விளக்கின் கனெக்டர் பொருந்தவில்லை. அதில் மூன்று துளைகள். இரு ஓரங்களிலும் வயர், நடுத்துளை காலி. புதிய மதர்போர்டில் அந்த விளக்குக்கென ஒதுக்கிய இரண்டு ஊசிகளோ பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

இங்கே ஒரு சொல்விளக்கம். பலகையில் நிற்கும் அந்தச் செப்பு ஊசிகளைக் கடையில் 'பின்' என்பார்கள். தமிழில் பின் என்றால் முதுகுப்புறம் என்றும், பிறகு என்றும் பொருள் வந்து வாக்கியம் குழம்புவதால் இக்கட்டுரையில் ஊசி என்றே எழுதுகிறேன்.

பலகை வாங்கிய கடைக்குத் தொலைபேசினேன். "விளக்குதானே சார், விட்டுடுங்க. மெஷின் அது பாட்டுக்கு ஓடும்" என்றார் எடுத்தவர். அவர் சொன்னது முழு உண்மை. அந்த விளக்கு இல்லாமல் கணினி ஒரு குறையும் இன்றி ஓடும். ஆனால் எனக்கு அந்தப் பச்சைப் புள்ளியோடு ஒரு கணக்கு இருந்தது. வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை இணையத்தில் படித்துக்கொண்டிருப்பேன். காலடிச் சத்தம் கேட்டால் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். இருட்டில் அந்தப் பச்சைப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். சற்று நின்றுவிட்டுப் போய்விடுவார். அந்த விளக்கை அணைந்ததாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அதோடு ஒரு கேள்வியும் பிடித்துக்கொண்டது. இரண்டே வயர்கள் செல்லும் ஒரு விளக்குக்கு மூன்று துளைகள் ஏன்? நடுவில் அந்த வெற்றிடத்தை யார், எதற்காக வைத்தார்கள்? ஒரு வேலையும் செய்யாத ஒரு துளையை உலகெங்கும் கேபினெட் செய்கிறவர்கள் ஆண்டுக்கணக்காகத் தவறாமல் செய்துவந்திருக்கிறார்கள் என்றால், அது ஒருகாலத்தில் ஏதோ வேலை செய்திருக்கவேண்டும். மாலை முழுவதும் கூடத்தில் பெட்டி திறந்தபடியே கிடக்க, நான் அந்தத் துளையின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன்.

1981 ஆகஸ்ட் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணினியை வெளியிட்டபோது அதன் முகப்பில் பொத்தானும் இல்லை, இயங்குகிறது என்று காட்டும் விளக்கும் இல்லை. ஃபிளாப்பி டிரைவுகளுக்கென்று இருந்த சிறு விளக்குகள் மட்டுமே. மின்சாரத்தைத் திறக்கும் செந்நிற நெம்பு ஸ்விட்ச் பெட்டியின் வலப்பக்கத்தில், பின்னால், மின்வழங்கியிலேயே இருந்தது. கையை நீட்டித் தடவித்தான் போடவேண்டும். கணினிக்கு உயிர் இருக்கிறதா என்பதை விசிறியின் இரைச்சல் சொல்லும். ஆகவே முகப்பிலிருந்து மதர்போர்டுக்கு வயர் என்ற பிரச்சினையே எழவில்லை. கணினி மனம்போன போக்கில் நின்றுவிட்டால் மீண்டும் தொடங்க மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும் வழியை அக்குழுவில் இருந்த டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் உருவாக்கியிருந்தார். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்று உலகமே பின்னர் மனப்பாடம் செய்த அதே மூன்றுதான்.

முகப்புக்கு வயர் வந்தது 1984 ஆகஸ்டில் வெளியான ஏ.டி. என்ற கணினியில்தான். அது அலுவலகங்களைக் குறிவைத்த கணினி. உள்ளே ஹார்ட் டிஸ்க் உண்டு. டிஸ்கில் கணக்குவழக்கு இருக்கும். ஆகவே ஐ.பி.எம். அதற்குப் பூட்டு வைத்தது. உவமையாகச் சொல்லவில்லை, உண்மையான பூட்டு, குழல்போன்ற சாவியோடு. பூட்டினால் இரண்டு காரியங்கள் நடக்கும். பெட்டியின் மேல்மூடி கழற்ற முடியாதபடி இறுகும், விசைப்பலகை செத்துவிடும். பூட்டுக்கு அருகிலேயே முகப்பில் பச்சை விளக்கு ஒன்றும் வந்தது.

இந்தப் பூட்டுக்கும் விளக்குக்கும் சேர்த்து மதர்போர்டில் ஒரே வரிசையில் ஐந்து இடங்களை ஒதுக்கினார்கள். முதல் இடம் விளக்குக்கு மின்சாரம். இரண்டாம் இடம் காலி. மூன்றாவது விளக்கின் மறுமுனை செல்லும் தரை இணைப்பு. நான்காவது விசைப்பலகையைத் தடுக்கும் கம்பி. ஐந்தாவது அதற்கான தரை இணைப்பு. இரண்டாம் இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டார்கள். கனெக்டரைத் திருப்பிச் செருகாமல் இருக்க இப்படி ஓர் ஊசியை நீக்கி அடையாளம் வைப்பது மின்னணுத் தொழிலில் பழைய வழக்கம். அப்படி நீக்கப்பட்ட இடத்துக்கு அத்தொழிலில் பெயர், கீ. அதாவது சாவி. பூட்டின் கனெக்டரில் சாவி என்று பெயரிடப்பட்டிருந்தது ஒரு வெற்றிடத்துக்கு! இதைப் படித்தபோது கூடத்தில் தனியாகச் சிரித்தேன்.

என் கேபினெட்டின் மூன்று துளைக் கனெக்டர் அந்த ஐந்தில் முதல் மூன்று. வயர், வெற்றிடம், வயர். நாற்பதாண்டுகளுக்கு முன்னால் அலுவலகக் கணினி ஒன்றுக்குப் போட்ட பூட்டின் பாதி, என் கையில் இருந்தது.

ஐ.பி.எம். கணினியின் ஓர் உறுப்பு எப்படி என் வீட்டுக்கு வந்தது என்பது அடுத்த கதை. ஐ.பி.எம். தன் கணினிகளுக்குத் தொழில்நுட்பக் கையேடுகளை வெளியிட்டது. மின்சுற்று வரைபடங்கள், ஒவ்வொரு ஊசியின் பணி, தொடக்க மென்பொருளான பயாஸின் முழுநிரல் வரை அதில் அச்சாகியிருந்தன. நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு. ஊசிகளின் வரிசைக்கு யார் உரிமை கொண்டாடுவது? 1982 நவம்பரில் காம்பாக் தன் பெயர்த்தகு கணினியை அறிவித்தது. பார்த்து எழுதாமல் புதிதாக எழுதிய பயாஸோடு வந்த நகல் அது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படி ஒரு பயாஸைக் கேட்டவர்க்கெல்லாம் விற்கத் தொடங்கியது. அதன்பின் தைவானிலிருந்து மதர்போர்டுகளும் கேபினெட்டுகளும் தனித்தனித் தொழிற்சாலைகளில் தனித்தனியாக உற்பத்தியாகி உலகெங்கும் போயின. பலகை செய்கிறவருக்குப் பெட்டி செய்கிறவரைத் தெரியாது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது ஐ.பி.எம். கையேடு ஒன்றுதான். அதில் ஐந்து இடம் என்றிருந்தால் இவர்களிடமும் ஐந்து இடம். அதில் இரண்டாவது காலி என்றால் இவர்களிடமும் காலி. ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர்கள் மூலத்தின் கறையானரித்த இடத்தையும் இடம்விட்டு எழுதிவைத்தது போல.

நகலெடுத்தவர்கள் சிலவற்றைச் சேர்க்கவும் செய்தார்கள். ரீசெட் பொத்தான் அவர்கள் கொடை. ஐ.பி.எம். மூன்று விசைகளே போதும் என்றிருந்தது. ஆனால் விசைப்பலகையையே கவனிக்காத அளவுக்குக் கணினி உறைந்துவிட்டால் அந்த மூன்றால் பயனில்லை. டர்போ பொத்தான் இன்னொன்று. முதல் ஐ.பி.எம். கணினியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிய விளையாட்டுகள் வேகமான நகல்களில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோயின. ஆகவே வேகத்தைக் குறைக்க ஒரு பொத்தான் வைத்தார்கள். விற்கவேண்டும் என்பதற்காக அதற்கு விரைவின் பெயரைச் சூட்டினார்கள். அதனருகே 33, 66 என்று வேகத்தை ஒளிரவிடும் எண்பலகை ஒன்றும் வந்தது. அது எதையும் அளப்பதில்லை. அதன் முதுகில் இருக்கும் சிறு இணைப்பிகளை மாற்றிப் போட்டால் நமக்குப் பிடித்த எண்ணைக் காட்டும். 99 என்று காட்டிய கணினிகளும் அதே வேகத்தில்தான் ஓடின.

இப்படி முகப்பில் பொத்தானும் விளக்கும் பெருகப் பெருக, கீழே இறங்கும் வயர்களும் பெருகின. அவற்றைப் பலகையில் எங்கே, எந்த வரிசையில் செருகுவது என்பதை ஐ.பி.எம். கையேடு சொல்லியிருக்கவில்லை; அதில் இல்லாத உறுப்புகள் அல்லவா? ஒவ்வொரு பலகைக்காரரும் தமக்குத் தோன்றிய இடத்தில் ஊசி நட்டார். ஒன்றில் எல்லாம் ஒரே நீள வரிசை, இன்னொன்றில் இரட்டை வரிசை, வேறொன்றில் பலகையின் மூலைக்கொன்றாக. பெட்டிக்காரர் என்ன செய்வார்? எந்தப் பலகை வரும் என்று தெரியாதவர் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே தொங்கவிட்டார். செருகுவது யார் பொறுப்பு? கடைசியில் முடுக்குகிறவர் பொறுப்பு. ரிச்சி தெருவில் என் கணினியைச் சேர்த்துக் கொடுத்த இளைஞர் பலகையின் கையேட்டைத் திறக்கவே இல்லை. வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, பலகையில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்ததைப் படித்து அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்தத் திறமை எந்தச் சான்றிதழிலும் இடம்பெறாது.

அக்காலத்தில் தவறு நேர்ந்தால் விளக்கு எரியாமல் போவதோடு நின்றுவிடாது. ஏ.டி. வகைப் பெட்டிகளில் ஸ்விட்ச் முகப்புக்கு வந்தபோது, சுவரிலிருந்து வரும் மின்சாரமே அதுவரை வந்தது. நம்மூரில் என்றால் முழு 230 வோல்ட். பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று தடித்த வயர்கள் நான்கு. பழுப்பும் நீலமும் சுவரிலிருந்து வருபவை, மற்ற இரண்டும் மின்வழங்கிக்குத் திரும்புபவை. மாற்றிச் செருகினால் உருகுகம்பி போகும், அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு முடியும். மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் கனெக்டரும் அப்போது ஒன்றல்ல, ஆறு ஆறு வயர்கள் கொண்ட இரண்டு. இடம் மாற்றிச் செருகினால் பலகை கருகும். கறுப்பு வயர்கள் இரு கனெக்டரிலும் நடுப்பக்கம் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கவேண்டும் என்பதே தொழிலாளர்கள் கைக்கொண்ட மந்திரம்.

1995 ஜூலையில் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை வெளியிட்டது. பலகை 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். திருகுத் துளைகள் இன்னின்ன இடத்தில். பின்புறச் சதுரம் இவ்வளவு. மின்வழங்கிக்கு இருபது ஊசிகள் கொண்ட, தவறாகச் செருகவே முடியாத ஒரே கனெக்டர். முகப்புப் பொத்தானின் பிறவிக்குணமும் மாறியது. ஏ.டி.எக்ஸில் பொத்தான் மின்சாரத்தைத் திறப்பதில்லை. திறக்கச் சொல்லி விண்ணப்பிக்கிறது. கணினி உறங்கும்போதும் ஊதா வயரில் 5 வோல்ட் காத்திருக்கும். பொத்தானின் இரு முனைகளும் ஒரு கணம் தொட்டுக்கொண்டால் பலகை விழித்துப் பச்சை வயரைத் தரையோடு இணைக்கும், அப்போதுதான் எஸ்.எம்.பி.எஸ். முழுமையாக இயங்கும். அதனால்தான் கடைக்காரர்கள் பொத்தானே இல்லாமல், ஸ்குரூ டிரைவர் முனையால் இரண்டு ஊசிகளைத் தொட்டுக் கணினியை எழுப்புகிறார்கள். ஏ.டி. பெட்டியை ஏ.டி.எக்ஸ். பலகைக்குத் திருத்திக்கொண்ட கைவேலைக்காரர்களுக்கும் இதுவே வழி காட்டியது. பழைய பவர் ஸ்விட்ச் அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும், இதற்கு உதவாது. ஆனால் ரீசெட் பொத்தான் தொட்டு விடும் வகை. அதைப் பவர் பொத்தானாகப் பதவி உயர்த்திவிட்டார்கள்.

2003இல் மின்கனெக்டர் இருபதிலிருந்து இருபத்து நான்காக வளர்ந்தபோதும் பழைய இருபதைப் புதிய இருபத்து நான்கில் ஓர் ஓரமாகச் செருகமுடியும்படி அமைத்தார்கள். என் 2002 பெட்டி இன்றைய பலகையை ஏற்றதற்குக் காரணம் இந்த முன்யோசனைதான். ஆனால் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் முகப்பு வயர்களின் வரிசையை மட்டும் கறாராக வகுக்கவில்லை. பூட்டு வழக்கொழிந்த பிறகும் தொடக்க கால ஏ.டி.எக்ஸ். பலகைகள் சிலவற்றில் அதற்கான ஊசிகள் நின்றன. பெட்டிக்காரர்கள் பூட்டை எடுத்துவிட்டு அதன் இரு வயர்களையும் கழித்தார்கள். விளக்கின் மூன்று இடங்கள் மிஞ்சின. மின்விளக்கு வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் எங்கள் வீட்டில் அந்திப்பொழுதை 'விளக்கு வைக்கிற நேரம்' என்றுதான் சொல்கிறோம். திரியும் எண்ணெயும் போய்விட்டன, வினைச்சொல் போகவில்லை. அந்த நடுத்துளையும் அவ்வாறே இருந்துவிட்டது.

பின்னர் இன்டெல் முகப்பு இணைப்புகளுக்கென்றே ஒரு வடிவமைப்பு வழிகாட்டியை வெளியிட்டது. இரண்டு வரிசையாகப் பத்து இடங்கள். ஒற்றைப்படை வரிசையில் 1, 3 ஹார்ட் டிஸ்க் விளக்கு. 5, 7 ரீசெட். இரட்டைப்படை வரிசையில் 2, 4 பச்சை விளக்கு. 6, 8 பவர் பொத்தான். பத்தாம் இடம் காலி; இங்கே அதுதான் சாவி. சிக்கனமான, அழகான அமைப்பு. ஆனால் விளக்குக்கு அடுத்தடுத்த ஊசிகள் என்று ஆனதும் மூன்று துளைக் கனெக்டர் வீடற்றதாயிற்று. இன்டெல் தன் பலகைகள் பலவற்றில் அதற்கென்று மூன்று இடமுள்ள உபரி வரிசை ஒன்றைத் தனியே வைத்தது. வேறு சிலரும் வைத்தார்கள். வழிகாட்டி என்பது கட்டளை அன்று. பின்பற்றியவர்கள் உண்டு, பின்பற்றாதவர்களும் உண்டு. ஏசுஸ் நிறுவனம் 2000களின் பிற்பகுதியில் வயர்களை வெளியிலேயே கோத்து ஒட்டுமொத்தமாகச் செருகும் சிறு கட்டை ஒன்றைப் பலகையோடு கொடுக்கத் தொடங்கியது. நல்ல எண்ணம்தான். என் பலகையில் அதுவும் இல்லை, மூன்று ஊசி உபரி வரிசையும் இல்லை.

யு.எஸ்.பி. முகப்புக்கு வந்த கதையில் எனக்கொரு காயம் உண்டு. என் பெட்டியில் இரண்டு யு.எஸ்.பி. வாய்கள், அவற்றிலிருந்து சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று எட்டு ஒற்றை வயர்கள் தனித்தனியாகத் தொங்கும். பலகையில் ஒன்பதாம் ஊசி நீங்கிய பத்து இடக் கட்டம் என்று பின்னர் நிலைபெற்றாலும், தொடக்கத்தில் பலகைக்குப் பலகை வரிசை வேறு. 2005இல் முதல் மதர்போர்டை மாற்றியபோது நானே செருகினேன். ஒரு வாயில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிவிட்டேன். அன்றிரவு அதில் செருகிய பென்டிரைவ் சூடாகி இறந்தது. நண்பர்கள் சேர்ந்து நடத்திய சிற்றிதழுக்காக நான் தட்டச்சு செய்திருந்த நாற்பது பக்கங்கள் அதோடு போயின. வேறு பிரதி எடுத்துவைக்கவில்லை. அவ்விதழ் ஒரு மாதம் தாமதமாக, இரண்டு கட்டுரைகள் குறைவாக வந்தது. எழுதியவர்கள் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஒலியின் கதை இதைவிடச் சிக்கல், ஆபத்து குறைவு. 1997இல் இன்டெல் வகுத்த ஏ.சி.97 முறையில் ஒலி முதலில் முகப்புக்குப் போய், அங்கே ஹெட்போன் செருகப்படாவிட்டால் திரும்பிப் பின்புறம் வரும். முகப்பு வயரே இல்லாதவர்கள் அந்தத் திரும்பு பாதையைப் பலகையிலேயே இரண்டு சிறு இணைப்பிகளால் மூடவேண்டும்; இணைப்பி தொலைந்தால் பின்புறமும் ஊமை. 2004இல் வந்த எச்.டி. ஆடியோவில் செருகியதைப் பலகையே உணரும். இரண்டுக்கும் கனெக்டர் ஒரே உருவம். பழைய பெட்டியைப் புதிய பலகையோடு சேர்ப்பவர் திரும்பு வயர்கள் இரண்டையும் அந்தரத்தில் விட்டு, பயாஸில் ஏ.சி.97 என்று இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். நானும் அப்படியே செய்தேன். யு.எஸ்.பி. 3.0க்கு வந்த இருபது இடமுள்ள முரட்டுக் கனெக்டர் என் பெட்டிக்குச் சம்பந்தமில்லாதது. அது அப்படியே சும்மா இருக்கிறது.

இந்தக் குழப்பத்தை எல்லாம் பழிப்பது எளிது. நானும் பல ஆண்டுகள் பழித்தேன். ஆனால் பெரிய நிறுவனங்களின் முழுக்கணினிகளைத் திறந்து பாருங்கள். முகப்பு வயர்கள் யாவும் ஒரே கனெக்டரில் முடிந்து, கண்ணை மூடிக்கொண்டு செருகும்படி இருக்கும். அந்தக் கனெக்டர் அந்நிறுவனத்தின் பலகைக்கு மட்டுமே பொருந்தும். டெல் 1998 முதல் சில ஆண்டுகள், ஏ.டி.எக்ஸ். கனெக்டரைப் போலவே உருவமும், வேறு வயர் வரிசையும் கொண்ட மின்வழங்கிகளைப் பயன்படுத்தியது. நம்பிப் பொதுச்சந்தைப் பலகையைச் செருகினால் பலகைக்கு ஆபத்து. அத்தகைய பெட்டி தன் பலகையோடு உடன்கட்டை ஏறும். என் மஞ்சள் பெட்டி மூன்றாவது பலகைக்கு வந்தது, அதன் வயர்கள் யாருக்கும் வாக்குப்படாமல் ஒவ்வொன்றாகத் தொங்கிக்கொண்டிருந்ததால்தான்.

இன்னொன்று. வரிசைகள் எத்தனை மாறினாலும் ஊசிக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளி மாறவில்லை. ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, 2.54 மில்லிமீட்டர். இந்த ஊசி வரிசையை நம் மின்னணுக் கடைகளில் 'பெர்க்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர். அந்நிறுவனத்தைப் பின்னர் டூபாண்ட் வாங்கியது. ஆகவே வேறு நாட்டுக்காரர்கள் இதே உறவுக்கார வயரை 'டூபாண்ட்' என்கிறார்கள். கணவன் வீட்டுப் பெயரும் பிறந்த வீட்டுப் பெயரும் போல, இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன.

இனி என் பச்சை விளக்கு. கனெக்டரின் பிளாஸ்டிக் கூட்டில் ஒவ்வொரு துளைக்கும் மேல் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். குண்டூசி முனையால் அதைச் சற்றே தூக்கி வயரை மெல்ல இழுத்தால், முனையில் கவ்விய உலோகத்தோடு வெளியே வந்துவிடும். நாக்கை ஒடித்துவிடக்கூடாது, இருபது ஆண்டுப் பிளாஸ்டிக் எளிதில் ஒடியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வயரை எடுத்து நடுத்துளைக்கு நகர்த்தினேன். இப்போது பச்சை, வெள்ளை, வெற்றிடம். செருகப் போனபோது அந்த வெற்றிடம் ஆறாம் ஊசியின்மேல் ஏறிப் பவர் பொத்தானின் இடத்தை அடைத்தது. கனெக்டரைத் திருப்பினேன். வெற்றிடம் கட்டத்துக்கு வெளியே போனது. எல்லாம் பொருந்தின. பொத்தானை அழுத்தினேன், விசிறி சுழன்றது, திரை விழித்தது. விளக்கு எரியவில்லை.

முதலில், பல்பு போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. பொத்தான்களுக்கு இடம் வலம் கிடையாது, எல்.இ.டி. ஒருதிசைப் பொருள். இரண்டாம் ஊசி நேர்மின், நான்காம் ஊசி தரை. நான் கனெக்டரைத் திருப்பியதில் வெள்ளை இரண்டிலும் பச்சை நான்கிலும் போய் அமர்ந்திருந்தன. நகர்த்தவேண்டியிருந்தது வெள்ளையை அன்று, பச்சையை. மீண்டும் குண்டூசி. வெள்ளையை அதன் பழைய ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, பச்சையை எடுத்து நடுத்துளையில் வைத்து, 'டிக்' என்ற ஓசை கேட்கும்வரை தள்ளினேன். வெற்றிடம், பச்சை, வெள்ளை. இம்முறை திருப்பாமல் செருகியபோதே வெற்றிடம் தானாக வெளியே போய் நின்றது.

அதற்குள் விளக்கு வைக்கிற நேரமும் தாண்டி நன்றாக இருட்டியிருந்தது. மூடியைப் போடாமலேயே பொத்தானை அழுத்தினேன். எரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் முடியலையாடா, சாப்பிட வா" என்றாள்.